வரி எங்கே மடங்க வேண்டும்?

சென்ற வருடம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக வடிவமைத்துத் தரச் சொல்லி வந்தார். ஏ4 தாளில் 240 பக்கம், வேர்டில் தாமே தட்டச்சு செய்தது. அச்செடுத்துக் கொண்டுவந்த பிரதியில் எந்தக் குறையும் தெரியவில்லை. கோப்பைத் திறந்து பக்கத்தை டெமி என்னும் சிறிய புத்தக அளவுக்குச் சுருக்கியதும்தான் விஷயம் புரிந்தது. ஒரு முழு வரி, அதன் கீழே மூன்று சொல்லோடு நின்றுபோன அரை வரி, மறுபடி முழு வரி, மறுபடி அரை வரி. புத்தகம் முழுக்க இப்படியே. ஒவ்வொரு வரியின் முடிவிலும் எண்டர் தட்டியிருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டச்சுப் பொறியில் பழகிய கை அது. பொறியில் மணி அடித்ததும் நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவது தட்டுபவரின் வேலை. வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் வரியை மடக்குவதை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. எண்டர் தட்டினால் ‘இங்கே பத்தி முடிந்தது’ என்று அது எடுத்துக்கொள்ளும். தாளின் அளவையோ எழுத்துருவையோ மாற்றினாலும் அந்த முடிவு அதே இடத்தில் நிற்கும். மின்நூலில் இன்னும் மோசம்: வாசகர் கைபேசியில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினாலே வரிகள் துண்டுதுண்டாகிவிடும்.

தேவையற்ற எண்டர்களை நீக்குவது பெரிய வேலையில்லை. வேர்டின் தேடி மாற்றும் பெட்டியில் ‘ஸ்பெஷல்’ பொத்தானை அழுத்தி ‘பாராகிராஃப் மார்க்’ என்பதை எடுத்து, அதற்குப் பதிலாக ஓர் இடைவெளி கொடுத்தால் போதும். பத்திகளுக்கு இடையே அவர் இரண்டு எண்டர் விட்டிருந்ததால், அந்த இரட்டைகளை மட்டும் முதலில் வேறொரு குறியாக மாற்றிவைத்துக் காப்பாற்றினேன். நாள் கணக்கில் உட்கார வைத்தது வேறொன்று. வரி முடிவில் சொல் கொள்ளாத இடங்களில், சில சமயம் கோடு போட்டும் சில சமயம் போடாமலும், சொல்லைப் பிட்டு அடுத்த வரியில் எழுதியிருந்தார். வரிகளை ஒட்டியதும் ‘பள்ளிக்கூடத்து க்கு’ என்றும் ‘ஆசிரி- யர்’ என்றும் வரி நடுவே வந்து நின்றன. இதற்குக் குறுக்குவழி கிடையாது. 240 பக்கத்தையும் கண்ணால் படித்துத்தான் சரிசெய்தேன்.

அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் மென்பொருளிலேயே இருக்கிறது. இங்கே மடக்காதே, இங்கே வேண்டுமானால் மடக்கிக்கொள் என்று சொல்கிற, தாளில் தெரியாத குறிகள் அவை. எனக்குத் தெரிந்து நன்றாகத் தட்டச்சு செய்கிறவர்களில்கூடப் பலர் இவற்றைத் தொட்டதே இல்லை.

முதலில் பிரியா இடைவெளி. ஸ்பேஸ் பாரைத் தட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இதே விசைதான். பார்வைக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும், ஆனால் அந்த இடத்தில் வரி உடையாது. ‘ரூ.’ ஒரு வரியிலும் ‘5,000’ அடுத்த வரியிலும் போய் விழுவது இதனால் நிற்கும். ‘பக். 23’, ‘10 கி.மீ.’, ‘ஆகஸ்ட் 15’ எல்லாம் இந்த வகைதான். தலைப்பெழுத்துகளுக்கு இது மிகவும் தேவை. ‘உ. வே. சாமிநாதையர்’ என்பதில் ‘உ.’ மட்டும் வரிக்கடைசியில் தனியே நின்றால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அதற்காக ‘டாக்டர்’ என்ற பட்டத்தையும் சேர்த்து ஒட்டிவிடாதீர்கள். அத்தனையும் ஒரே கட்டையாகிவிடும். அதை அடுத்த வரிக்குத் தள்ளும் மென்பொருள், இருபக்கமும் சீராக்கிய பத்தியில் மேல் வரியின் சொற்களை இழுத்து இடைவெளியை ஓட்டையாக்கிவிடும்.

‘2019-20 நிதியாண்டு’ போன்ற இடங்களில் சாதாரணக் கோட்டுக்குப் பின்னால் வரி உடையலாம். அங்கே கன்ட்ரோல், ஷிஃப்ட்டோடு கோட்டு விசையைத் தட்டினால் உடையாத கோடு கிடைக்கும். தொலைபேசி எண்களுக்கும் இதுதான்.

அடுத்தது சாஃப்ட் ஹைஃபன் என்னும் மறைகோடு: கன்ட்ரோலோடு கோட்டு விசை. தமிழுக்கு இது மிகவும் தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் சொற்கள் விகுதிமேல் விகுதியாக நீள்பவை. விழா மலரில் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்தால் ‘கொண்டாடப்பட்டுக்கொண்டிருந்தது’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். ‘கொண்டாடப்’ என்பதற்குப் பின்னும் ‘பட்டுக்’ என்பதற்குப் பின்னும் மறைகோடு வைத்துவிட்டால், தேவைப்பட்டால் மட்டும் அங்கே சொல் பிரியும், பிரிந்தால் மட்டும் கோடு அச்சாகும். நாளைக்குப் பக்க அளவு மாறிச் சொல் வரி நடுவே வந்தால் கோடு தானாக மறைந்துவிடும். ஆசிரியர் கையால் போட்ட கோடு அப்படி மறையாது.

எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. புள்ளி வைத்த எழுத்தில் புது வரி தொடங்கக் கூடாது. ‘பள்ளிக்’ என்று புள்ளி எழுத்தை மேல் வரியிலேயே நிறுத்தி ‘கூடம்’ என்று கீழே தொடங்க வேண்டும். ‘க்கூடம்’ என்று ஒரு வரி தொடங்கினால் வாசிக்கிற நாக்கு இடறும். இன்னொன்று, எழுத்துக்கும் அதன் கொம்புக்கும் துணைக்காலுக்கும் நடுவே எந்த மறைகுறியும் புகுந்துவிடக் கூடாது. புகுந்தால் எழுத்து உடைந்து, கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று முளைக்கும்.

கோடே வேண்டாம், சொல் சும்மா உடைந்தால் போதும் என்பவர்களுக்கு அகலமே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. லிப்ரே ஆபீஸில் இன்செர்ட் பட்டியலில் ‘ஃபார்மட்டிங் மார்க்’ என்பதற்குள் இருக்கும். வேர்டில் 200 என்ற எண்ணோடு ஒட்டி ஆங்கில ‘பி’ (B) எழுத்தைத் தட்டி, உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும். கோடில்லாமல் சொல்லைப் பிரிப்பது தமிழ் அச்சில் பழக்கம்தான். ஆனால் புத்தகங்களில் நான் அதைச் செய்வதில்லை. ‘பலகை’ என்ற சொல் கோடில்லாமல் உடைந்தால் மேலே ‘பல’, கீழே ‘கை’. படிப்பவருக்கு அது வேறு பொருள்.

இந்த அகலமில்லா இடைவெளியை நான் வைத்திருப்பது இணைய முகவரிகளுக்கு. அடிக்குறிப்பில் நீளமான முகவரி வந்தால் ஒவ்வொரு சாய்கோட்டுக்குப் பின்னும் ஒன்று வைப்பேன். இங்கே மறைகோடு கூடவே கூடாது. முகவரி உடைந்த இடத்தில் அச்சாகும் கோட்டையும் வாசகர் முகவரியின் பகுதி என்று நினைத்துத் தட்டுவார். அகலமில்லா இடைவெளியிலும் ஒரு சிக்கல் உண்டு. பிடிஎஃப்பிலிருந்து முகவரியை நகலெடுத்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு வந்து, தளம் திறக்காமல் போகலாம். அதனால் அச்சுக்குப் போகும் கோப்பில் மட்டும் வைக்கிறேன். திரையில் படிக்கிற கோப்பில் முகவரியை அப்படியே விட்டு இணைப்பாக்கிவிடுகிறேன்.

நாம் வைக்காமலே வந்து சேர்கிற மறைகுறிகளும் உண்டு. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பத்தி, மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் முரண்டு பிடித்தால், அதில் பிரியா இடைவெளிகள் நிறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘ரிக்ஷா’ போன்ற சொல்லில் க், ஷ இரண்டும் ஒட்டாமலிருக்கச் சிலர் இணைப்புத் தடைக்குறி ஒன்று வைப்பார்கள். அது வரியை மடக்காது. ஆனால் குறி உள்ள சொல்லும் இல்லாத சொல்லும் கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காமல் போகலாம், சொல்லடைவில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வரலாம்.

இவற்றைப் பார்க்க வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8. லிப்ரே ஆபீஸில் கன்ட்ரோலோடு எஃப்10. வேர்டில் சாதாரண இடைவெளி நடுப்புள்ளியாகவும், பிரியா இடைவெளி சிறு வட்டமாகவும், எண்டர் பத்திக்குறியாகவும் தெரியும். முதல் நாள் கண்ணை உறுத்தும், அப்புறம் பழகிவிடும். நான் நாள் முழுக்க அதைப் போட்டு வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

வரிசை முக்கியம். முதலில் வெளியிலிருந்து வந்த குறிகளைத் துடையுங்கள். அதே ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘நான்பிரேக்கிங் ஸ்பேஸ்’, ‘ஆப்ஷனல் ஹைஃபன்’ இரண்டும் இருக்கின்றன. பிறகு எழுத்துருவையும் பக்க அளவையும் முடிவு செய்யுங்கள். தொகைகள், தலைப்பெழுத்துகள், தேதிகளுக்கான பிரியா இடைவெளியை எழுதும்போதே வைக்கலாம், ஆனால் துடைக்கும் வேலை முடிந்த கோப்பில். மறைகோட்டைக் கடைசிப் படிக்கு வைத்துக்கொண்டு, வரி ஓட்டையாகத் தெரிகிற இடங்களில் மட்டும் போடுங்கள். நான் ஒருமுறை இதை மாற்றிச் செய்து, இரண்டு நாள் உட்கார்ந்து வைத்த பிரியா இடைவெளிகளையெல்லாம் ஒரே சொடுக்கில் துடைத்திருக்கிறேன்.