குடை பிடித்த யானையும் உப்புத் தண்ணீரும்

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, சாயம் பரவிய நிலையில் என் தையலகத்துக்கு வந்த நான்காவது குழந்தை உடுப்பு அது. படந்தாலுமூட்டைச் சேர்ந்த ஒரு பெண், தம் அண்ணன் மகளுக்கு அரைஞாண் கட்டும் இருபத்தெட்டாம் நாளுக்கென்று தாமே தைத்த வெள்ளை மல் துணிச் சட்டை. மார்பில் ஒரு கதைப்புத்தக யானைக்குட்டி, வாழைத்தண்டு போன்ற கால்களும் உருண்ட வயிறுமாக, தும்பிக்கையில் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது. வேலையில் நான் குறை சொல்ல எதுவுமில்லை. உடலுக்கு மூன்று சாம்பல் நிறங்களைச் சாட்டின் தையலாகப் பட்டையடிக்காமல், நீளமும் குட்டையுமாக ஊசி இறக்கி ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்தார். ஓரம் முழுதும் காம்புத் தையல், மழைத்துளிகள் லேசி டெய்சி என்னும் இதழ்த் தையல், கண் ஒரே ஒரு பிரெஞ்சு முடிச்சு. முதல் அலசலிலேயே குடையின் சிவப்பு இறங்கி, யானையின் முகத்தைக் கடந்து, சட்டையின் விளிம்புவரை ரோஜா நிறக் கோடாக ஓடியிருந்தது.

"உப்புத் தண்ணியில முக்கி வெச்சுத்தானே அக்கா அலசினேன்?" என்று அவர் கேட்டபோதுதான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன். முந்தைய மூவரும் சொல்லிவைத்தாற்போல் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

உப்புத் தண்ணீர் சாயத்தை நிறுத்தாது. வினிகரும் நிறுத்தாது, படிகாரமும் நிறுத்தாது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிந்தே இருக்கிறது: பருத்திக்குச் சாயம் ஏற்றுகிற தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மைதான். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயம் நூலை நோக்கிப் போய் ஒட்டுவதற்கு அங்கே உப்பு துணை செய்கிறது. ஆனால் அது சாயப்பட்டறையில், சாயம் ஏறும் நேரத்தில் நடக்கும் வேலை; கடையில் வாங்கிய நூலில் சாயம் ஏறி முடிந்து, அதன் தலையெழுத்தும் முடிவாகிவிட்டது. நல்ல பருத்தி நூலில் சாயம் இழையோடு வேதிமுறையில் பிணைந்திருக்கும். அதற்கு உப்பு தேவையில்லை. மலிவான நூலில் சாயம் இழையின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உப்பு பிணைத்துவிட முடியாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் நம்ப மறுக்கிறார்கள். அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை அவ்வளவாக வெளியே வராது. ஆகவே வாளியில் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "பார்த்தீர்களா, நிறம் போகவில்லை" என்று நீங்கள் மகிழ்ந்து, வெறுந்தண்ணீரில் அலசும் அந்த நொடியில் உப்பு போய்விடுகிறது. அதுவரை அடங்கியிருந்த சாயம் அவிழ்கிறது. உப்பு உங்கள் சாயத்தைக் காப்பாற்றவில்லை, உங்கள் சோதனையைப் பொய்யாக்கியது. தைப்பதற்கு முன்பே நூலை வெறுந்தண்ணீரில் முக்கிப் பார்த்திருந்தால், அது கெட்டது என்பதை அப்போதே கண்டிருப்பீர்கள். வினிகரின் கதையும் இதுபோல் இடம் மாறிய கதைதான்: பட்டிலும் கம்பளியிலும் பயன்படும் சில சாயங்களை ஏற்றும்போது அமிலம் உதவும், பருத்தி நூலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஓணத்துக்கென்று பாலராமபுரம் கைத்தறித் துணியில் யானை தைப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். செப்புக் கம்பி கலந்த போலிக் கசவு (சரிகை) உப்பும் புளிப்பும் பட்டால் கறுத்துப்போகும். சாயமும் நிற்காது, கரையும் கெடும்.

பாட்டிமார் சொன்னது பொய்யா என்று கேட்பவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஊசிநூல் வேலை புதிதல்ல. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக இந்தக் கை பழகியிருக்கிறது. ஆனால் அந்த லேஸ் பெரும்பாலும் வெள்ளை நூலில் பின்னப்பட்டது. வெள்ளையில் சாயம் ஏது? சாயத்தைப் பற்றிய அறிவுரையை அந்தக் கைப்பழக்கத்தின் பெயரில் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

சரி, யானைக்கு வருவோம். அந்தச் சட்டையில் சாம்பல் நிறம் துளியும் நகரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? யானைக்கு அவர் வாங்கியது ஆறிழைப் பருத்தி நூல். எண் பொறித்த தாள்பட்டையோடு எட்டு மீட்டர் கண்டாக விற்பது. குடைக்கு மட்டும் பளபளப்பு வேண்டும் என்று, வளையல் சுற்றவும் குஞ்சம் கட்டவும் விற்கும் 'சில்க் நூலை' வாங்கியிருந்தார். பெயர்தான் சில்க், பெரும்பாலும் அது ரேயான். படத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குடைக்காக வாங்கிய அந்த ஒரு நூல் ஒன்பது பங்கு வேலையைத் தின்றுவிட்டது. இத்தகைய கதைப்புத்தக விலங்குகளில் எப்போதும் இப்படித்தான் நடக்கிறது: உடல் சாம்பலோ பழுப்போ ஆக இருக்கும், அழகு சேர்ப்பதெல்லாம் நரியின் கழுத்துத்துணி, முயலின் செருப்பு, கரடியின் பலூன் போன்ற சின்னச் சின்னப் பொருள்களாக இருக்கும், அவையெல்லாம் சிவப்பிலும் அடர்நீலத்திலும் கத்தரிப்பூ நிறத்திலும் இருக்கும். சாயம் இறங்கும் ஆபத்துள்ள நிறங்களும் இவையே.

ஊசியில் கோர்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சாண் நூலை வெட்டி, வெறுந்தண்ணீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து அதற்குள் வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் ஈரம் வற்றும்வரை அழுத்துங்கள். துணியில் சிறு நிழல் விழுந்தாலும் அந்த நூல் குழந்தை உடுப்புக்கு வேண்டாம். அதை விட மனமில்லையென்றால், கண்டு முழுவதையும் தனியாக அலசி, தண்ணீர் தெளியும்வரை மாற்றி, காயவைத்து, மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். போன வருடம் இதே எண் நூல் நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லாதீர்கள். கண்டு புதிது என்றால் சோதனையும் புதிதுதான்.

துணியையும் முன்கூட்டியே அலசுங்கள். படத்தை நகலெடுக்கப் பால்பாயிண்ட் பேனாவை எடுக்கவே எடுக்காதீர்கள். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவென்றால், கோட்டைப் பச்சைத் தண்ணீரில் போக்கிய பிறகே இஸ்திரி போட வேண்டும். முதலில் சூடு பட்டால் கோடு அங்கேயே தங்கிவிடும். ஆகவே "நான் இதைத் துவைக்கவே மாட்டேனே, பிறகு எதற்குச் சோதனை?" என்ற வாதம் செல்லாது. கோடு அழிக்கவாவது தண்ணீர் பட்டுத்தான் ஆக வேண்டும். அது போக, அந்தச் சட்டையைப் போடப்போவது ஒரு கைக்குழந்தை.

கைக்குழந்தை என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உடுப்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு நூலை வெட்டாமல் இழுத்துச் சென்றிருந்தால், அந்தத் தொங்கலில் பிஞ்சு விரல் நுழைந்து இறுகிக்கொள்ளும். விரலுக்கு இரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்கு ஆபத்தானது அது, குழந்தைக்கோ அழத்தான் தெரியும். ஒவ்வொரு பகுதியையும் முடித்து, நூல் நுனியைத் தையல்களுக்கு அடியில் செருகி வெட்டுங்கள். உள்பக்கத்தில் மெல்லிய மல் துண்டொன்றை வைத்துச் சுற்றிலும் தைத்துவிடுவது இன்னும் நல்லது. கண்ணுக்கு மணியும் பட்டனும் வேண்டாம், முடிச்சுத் தையல் போதும். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

நம் ஊரின் மழையும் இதில் ஒரு கை வைக்கிறது. இடவப்பாதியும், வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷமும் என்று இரண்டு மழைக்காலம் நமக்கு. அலசும்போது நிற்கிற நிறம்கூட, திண்ணைக் கொடியில் இரண்டு நாள் ஈரமாகத் தொங்கும்போது மெல்ல ஊர்ந்து பரவுகிறது. தொங்கவிடுவதால் கீழ்நோக்கிக் கோடாக இறங்குகிறது. எனவே பிழியாமல், வெள்ளைத் துண்டின் மேல் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, மற்றொரு காய்ந்த துண்டில் மட்டமாக விரித்து, மின்விசிறிக்கு அடியில் விரைவாகக் காயவையுங்கள். ஊறவைக்கும் வழக்கமே வேண்டாம்.

எல்லாம் மீறிச் சாயம் இறங்கிவிட்டால் பதறி வெளுப்புத்தூளைத் தேடாதீர்கள். கறைக்கு முன்பே நூலின் நிறம் போய்விடும். பெரிய வாளி நிறையப் பச்சைத் தண்ணீரில் சிறிது திரவச் சோப்பைக் கலந்து உடுப்பை முழுதாக அமிழ்த்தி, தண்ணீர் நிறம் மாற மாற மாற்றிக்கொண்டே இருங்கள். சற்றுமுன் ஊறவைக்காதே என்றவள் இப்போது அமிழ்த்தச் சொல்கிறேனே என்று தோன்றலாம். குறைந்த தண்ணீரில் அவிழ்ந்த சாயம் திரும்பத் துணியில்தான் ஏறும். நிறைந்த தண்ணீரில், அதுவும் மாற்றிக்கொண்டே இருந்தால், அதற்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஒரு பகல் முழுதும்கூட ஆகலாம்.

படந்தாலுமூட்டுச் சட்டையை அப்படித்தான் நானும் இரண்டு நாள் தண்ணீரிலேயே வைத்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்த கோடு போய்விட்டது, யானையின் கன்னத்திலிருந்தது போகவில்லை, ஏனென்றால் அவர் அதை என்னிடம் கொண்டுவருவதற்கு முன் நன்றாகக் காயவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரியும் போட்டிருந்தார். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், அருள்கூர்ந்து, ஒரு நெகிழிப்பையில் போட்டு ஈரமாகவே எடுத்துக்கொண்டு வாருங்கள்.