பொக்கணையை நிரவினால் கதை முடிவதில்லை

இந்த மாரியில் நான் பார்க்கப் போன மூன்றாவது குழி அது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ஒரு வளவு. குசினிக்குப் பின்னால், ஒரு மாட்டுவண்டியை இறக்கி நிறுத்தக்கூடிய அளவுக்கு நிலம் உள்ளே போயிருந்தது. நேற்றிரவு பெய்த மழையில் திடீரென உண்டான பள்ளம் என்று வீட்டுக்காரர் சொன்னார். வேலியோரம் நின்ற அவருடைய பெரியம்மாவோ, அந்த இடத்தில் முன்பு ஒரு பொக்கணை, அதாவது சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான இயற்கைக் குழி, இருந்ததென்றும், இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு இடிந்த வீட்டின் கற்களைக் கொட்டி அதை நிரவினார்கள் என்றும் அமைதியாகச் சொன்னார். வீடு கட்டுமுன் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"திடீரென" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கமுடியாதது. சுண்ணாம்புக்கல் சீனியல்ல. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு கல்லைக் கரைப்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதன் நுழையக்கூடிய வெடிப்பு உண்டாகவே பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். ஆகவே நேற்றிரவு கல்லில் எந்தத் துளையும் விழவில்லை. துளை உங்கள் பூட்டனுக்கும் முன்பே அங்கே இருந்தது. அதன் வாயை அடைத்திருந்த மண் மட்டுமே நேற்று கீழே இறங்கியது. இதை ஏற்காதவர்கள் மழையைக் குற்றஞ்சாட்டிவிட்டு, அதே இடத்தில் இன்னும் நான்கு உழவு இயந்திரப் பெட்டி மண்ணைக் கொட்டுகிறார்கள். அடுத்த மாரியில் அதுவும் இறங்குகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் இங்கே சொல்லத்தக்க ஆறு எதுவும் இல்லை, ஏனெனில் மழை பெரும்பாலும் வெடிப்புகள் வழியாக நேரே கீழே போய்விடுகிறது. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு நூறடிக்கும் மேல் ஆழமானது. மேலே நன்னீர், கீழே உவர்நீர். கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர்களே உயர்ந்த ஒரு நிலத்தில் இத்தனை ஆழத்துக்குக் கல் கரைந்திருப்பதை இன்றைய கடல்மட்டத்தை வைத்து விளக்குவது கடினம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் இன்றிருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. நிலத்தடி நீரும் அதனோடு சேர்ந்து தாழ்ந்திருந்த அத்தகைய காலங்களின் மிச்சமாகவே இவ்வகை ஆழ்குழிகளை நான் பார்க்கிறேன். நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கடற்கரையிலுள்ள கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று நம் முன்னோர் சொன்னதை நான் சோதித்துப் பார்த்ததில்லை, ஆனால் நிலத்துக்கடியில் நீர் பயணம் செய்கிறது என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. அந்தக் கதையைப் பெருமையோடு சொல்லிவிட்டு, தம் வளவுப் பொக்கணைக்குள் குப்பையைக் கொட்டுபவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?

"மிகப் பழையது, எப்போதோ அடைபட்டுவிட்டது, இனி ஒன்றும் ஆகாது" என்பது அடுத்த சமாதானம். தென்னாபிரிக்காவின் மேற்குப் பொன்வயல்களில் சுண்ணாம்புக்கல்லைப் போலவே நீரில் கரையும், இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான டொலமைற் பாறையின் பழங்குழிகள் அமைதியாகத்தான் கிடந்தன. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துத் தாழ்த்தத் தொடங்கிய பின், 1962 டிசம்பர் 12 அன்று வெஸ்ட் ட்ரீஃபொன்டெயின் சுரங்கத்தின் கல் நொறுக்கும் ஆலை முழுவதையும் நிலம் விழுங்கியது. 29 பேர் இறந்தனர். சீனாவின் கைலுவான் நிலக்கரி வயலில், சுண்ணாம்புக்கற் குகை ஒன்றின் கூரை பண்டைக் காலத்தில் இடிந்து, மேலுள்ள பாறை அடுக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து, உடைகற்களால் நிறைந்த தூணாக நின்றிருந்தது. 1984 ஜூனில் ஃபாங்கேசுவாங் சுரங்க வேலை அதை எட்டியபோது, அடியிலிருந்த நீர் அந்தத் தூண் வழியே ஏறி, உச்சத்தில் நிமிடத்துக்கு 2,053 கன மீற்றர் என்ற வேகத்தில் பாய்ந்து, ஒரு நாளுக்குள் சுரங்கத்தை மூழ்கடித்தது. கற்களால் நிறைந்திருப்பது வேறு, அடைபட்டிருப்பது வேறு.

இந்த இரண்டு இடங்களிலும் பாறை புதிதாக எதையும் செய்யவில்லை. மனிதர் நீரின் நிலையையோ அதன் வழியையோ மாற்றினார்கள். நம் வளவுகளில் அதே வேலையைச் சிறிய அளவில் நாமும் செய்கிறோம். கோடை முழுவதும் மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்துகிறோம். பிறகு கூரைத் தண்ணீர் அனைத்தையும் ஒரே பீலியால் ஒரே மூலைக்கு விடுகிறோம்.

கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. ஒரு துளை போட்டு ஆறடியில் கல் கண்டதும் அத்திவாரக் கணக்கை முடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்தக் கல், மண்ணுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கல்முனையாக இருக்கலாம். நான்கடி தள்ளிப் போட்டால் முப்பதடிக்குச் செம்மண்தான் வரும். வலிகாமத்தில் கல் வெட்டிய பழைய கிடங்குகளின் சுவரைப் பாருங்கள், செம்மண் நிறைந்த குழாய்கள் மேலிருந்து கீழாக இறங்குவது தெரியும். துளையிடும் தொழிலாளி கம்பி திடீரென இறங்கியது என்றாலோ, துளைக்குள் விட்ட தண்ணீர் திரும்பி வரவில்லை என்றாலோ அதை ஆழத்தோடு எழுதிவையுங்கள். அறிக்கையின் இருபது பக்கங்களைவிட அந்த ஒரு வரியை நான் அதிகம் நம்புவேன்.

வீட்டுக்காரர்களே, மலசலகூடக் குழியையோ கூரைத் தண்ணீரையோ பழைய பொக்கணைக்குள் விடாதீர்கள்; அது உங்கள் அயலவரின் கிணற்றுக்குத்தான் போகிறது. நிலத்தில் வட்டமாக வெடிப்பு ஓடினாலும், மதில் ஒரு பக்கம் சாய்ந்தாலும், தெளிந்திருந்த கிணறு மழைக்குப்பின் செந்நிறமாகக் கலங்கினாலும் விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம், விளிம்பு உள்ளே குடைந்திருக்கும். பிள்ளைகளையும் மாடுகளையும் அப்பால் கொண்டுபோய், கயிறு கட்டி, கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். மூட வேண்டியிருந்தால், நிலம் அறிந்த பொறியியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் தொண்டை, அதாவது மண் இறங்கும் கல் துளையின் வாய், தெரியும்வரை தோண்டி, முதலில் பெருங்கல், அதன்மேல் சிறுகல், பிறகு சல்லி, கடைசியில் மணல் என்று படிப்படியாக நிரப்ப வேண்டும். அப்போதுதான் நீர் இறங்கும், மண் இறங்காது.

தயவுசெய்து இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கைபிடித்து வளவைச் சுற்றி அழைத்துப் போய், எங்கே பொக்கணை இருந்தது, எதைப் போட்டு மூடினார்கள் என்று கேட்டு, ஒரு தாளில் வரைந்து காணி உறுதியோடு வைத்துவிடுங்கள்.