தண்ணி குடிக்காமலே காலத்த ஓட்டுற சிங்காரா மான்

சித்திரை வெயில்ல உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் மத்தியானம் போய் பாருங்க, வெள்ளாடு பூரா வேப்பமரத்து நெழல்ல மூச்சு வாங்கிட்டு நிக்கும், கண்மாய்ல கெடக்குற கொஞ்சநஞ்ச தண்ணிக்கு ஓட்டிட்டு போகலைன்னா அதுகளுக்கு ரொம்ப கஷ்டம். ராஜஸ்தான் தார் பாலைவனத்துல வெயில் 45 டிகிரிய தாண்டும், அங்க நாள்கணக்கா தண்ணில வாயே வைக்காம திரியுற ஒரு மான் இருக்கு, அதுதான் சிங்காரா.

நமக்கு மான்னாலே புள்ளிமான்தான் கண்ணு முன்னாடி வரும். இது அந்த வகையறா கிடையாது. புள்ளிமான் கொம்பு வருசா வருசம் விழுந்து மொளைக்கும், சிங்காராவுக்கு ஆடு மாடு மாதிரி உள்ள எலும்பும் மேல உறையுமா ஆயுசுக்கும் ஒரே கொம்புதான், ஏன்னா கெசல்னு சொல்ற இந்த இனமே ஆடு மாடு குடும்பத்த சேர்ந்தது. தோள் உயரம் 65 செ.மீ. தான், எடை 20-25 கிலோ வரும், ஒரு நல்ல கெடா அளவு கூட இருக்காது. ஆண் சிங்காராவுக்கு வளையம் வளையமா 25-30 செ.மீ. கொம்பு, பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆனா சின்னதா நேரா இருக்கும். மூஞ்சிய பக்கத்துல பாத்தா கண்ணோரத்துல இருந்து வாய் வரைக்கும் ஒரு கருப்பு கோடு இறங்கும், அதுக்கு மேல ஒரு வெள்ளக் கோடு. கருப்பு வாலு சும்மாவே இருக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். ஆபத்துன்னு தெரிஞ்சா முன்னங்காலால தரைய தட்டி மூக்கால தும்முற மாதிரி ஒரு சத்தம் குடுக்கும்.

சரி, தண்ணிக்கு என்ன பண்ணுது? அது மேயுற நேரத்துல பாதி விடை இருக்கு. பகல் உச்சில புதர் ஓரமா படுத்துரும், சாயந்திரத்துக்கு மேலதான், ராத்திரிலதான் அதிகமா மேயும். பகல்ல காஞ்சு கெடக்குற எலை கூட ராத்திரி காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கும், மேல பனி வேற பிடிச்சிருக்கும். இலந்தை, வன்னி (ஆமா, நம்ம கோயில்கள்ல இருக்குற அதே வன்னிமரம்தான்), வேலம் காய்னு எலையும் காயுமா கடிக்கிறதுல வர்ற தண்ணியே அதுக்கு பெரும்பாலும் போதும். தண்ணி கெடைச்சா குடிக்கும், கெடைக்காட்டி அதுக்காக அலையாது.

மீதி பாதி விடை மூக்குல இருக்கு, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். மூச்சு உள்ள போகும்போது மூக்குக்குள்ள இருக்குற ஈரம் ஆவியாகி, மண்பானை தண்ணி குளுந்து போற மாதிரி அங்க ஓடுற ரத்தம் குளுந்துரும். அந்த ரத்தம் மூளைக்கு அடில இருக்குற ஒரு எடத்துக்கு போகுது, அங்க மூளைக்கு போற ரத்தக்குழாய் நூல் நூலா பிரிஞ்சு ஒரு வலை மாதிரி கெடக்கும். சூட்டு ரத்தமும் குளுந்த ரத்தமும் கலக்காம உரசிக்கிட்டு போறதுல சூடு கைமாறிருது, மூளைக்கு போறது குளுந்த ரத்தம். ஆப்பிரிக்காவுல இருக்குற தாம்சன் கெசல்ங்குற சொந்தக்கார மான ஓட விட்டு 1972-ல அளந்து பாத்தப்போ மூளைச் சூடு ரத்தச் சூட்ட விட 2.7 டிகிரி வரைக்கும் குறைவா இருந்துச்சு. உடம்போட சூட்ட அளக்குற இடமே மூளைலதான் இருக்கு, அது குளுந்து இருந்தா வேர்க்கணும், மூச்சு வாங்கணும்னு உத்தரவு போகாது, தண்ணி அங்கயே மிச்சம். இந்த வலை நம்ம வெள்ளாட்டுக்கும் உண்டு, மனுசனுக்கு கிடையாது.

இந்தியா, பாகிஸ்தான், ஈரான்ல இது வாழுது. தெக்க கர்நாடகாவோட பாகல்கோட் மாவட்டத்துல யடஹள்ளில சிங்காராவுக்குன்னே ஒரு சரணாலயம் இருக்கு. தமிழ்நாட்டுல சிங்காரா கிடையாது, ஆனா அதோட நெருங்குன சொந்தம் வெளிமான் உண்டு, மதுரைல இருந்து திருநெல்வேலி தாண்டி தூத்துக்குடி ரோட்டுல போனா வல்லநாட்டுல பாக்கலாம். வெளிமான் புல்லு மேயுறது, தண்ணியும் தேடி வரும், பெட்டைக்கு பொதுவா கொம்பு இருக்காது.

ரெண்டுக்கும் வேண்டியது அடர்ந்த காடு இல்ல, தூரம் வரைக்கும் கண்ணுக்கு தெரியுற வெட்டவெளியும் முள்ளுப் புதரும்தான். நம்ம ஆளுங்க அத தரிசுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு பிளாட் போடவும் மரம் நடவும் கெளம்பிடுறாங்க, அது எனக்கு உண்மையாவே வலிக்குது. குட்டிய புல்லுக்குள்ள படுக்க வச்சிட்டு தாய் தள்ளி நின்னு மேயும், பால் குடுக்க மட்டும் வரும், அந்த புல்லு போச்சுன்னா குட்டிய மறைக்க எடமே இல்ல. 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்குற விலங்குதான், வேட்டையாடுனா ஜெயில்தான், ஆனாலும் ராஜஸ்தான்ல இப்போ தெருநாய் தொரத்தியும் வயலுக்கு போட்ட கம்பி வேலில மாட்டி கிழிபட்டும் நிறைய சாகுது.