குளிர் லேசர் என்று சொல்லிக்கொடுத்தது யார்?

போன வாரம் காட்பாடிப் பக்கம் ஒரு பட்டறைத் தம்பியைப் பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பஸ் போர்டைப் பார்த்தால், ‘ஆற்காடு’ என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிகிறதாம், நடுவில் சாம்பல் பொட்டு. கண்ணை எங்கே திருப்பினாலும் பொட்டும் கூடவே வருகிறது. உலோகத்தில் செதுக்குகிற ஃபெம்டோசெகண்ட் லேசர் மெஷினில் (ஃபெம்டோசெகண்ட் என்றால் நொடியில் 10 கோடி கோடியில் ஒரு பங்கு) மூடியைத் திறந்துவைத்து அலைன்மென்ட், அதாவது பீம் சரியான பாதையில் போகிறதா என்று, பார்த்திருக்கிறார், பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில். ஏன் தம்பி என்றால், “குளிர் லேசர்தானே சார், சுடாதாமே” என்கிறார். சர்வீஸுக்காக ஊர் ஊராய்ச் சுற்றுகிற நான் இந்தப் பதிலைக் கேட்பது இது மூன்றாவது தடவை.

சுடாது என்பது இரும்புக்குச் சொன்னது ஐயா, கண்ணுக்கு இல்லை! ஒரு துடிப்பு 300 ஃபெம்டோசெகண்ட் என்றால் அதற்குள் ஒளியே ஒரு தலைமுடித் தடிமன் தூரம்தான் போயிருக்கும். சூடு பக்கத்தில் பரவுவதற்குள் அந்த இடம் ஆவியாகப் பறந்துவிடுகிறது, அதனால் ஓரம் கருகாது, பிசிறு நிற்காது. அவ்வளவுதான் அந்தக் ‘குளிர்’. லேசர் சாது என்று அதற்கு அர்த்தமில்லை. “வெறும் 10 வாட் சார், எல்இடி பல்பு அளவு” என்பார்கள். சரி, அந்த 10 வாட் நொடிக்கு 5 லட்சம் துடிப்பாகப் பிரிந்து வந்தால் ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோஜூல். அதை 300 ஃபெம்டோசெகண்டில் திணித்தால் அந்தக் கணத்துக்கு 6 கோடி வாட்டுக்கு மேல். அதையும் உங்கள் கண்ணின் லென்ஸே குவித்து விழித்திரையில் வைக்கும். இந்த லேசரின் அலைநீளம் 1030 நானோமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாது, இமை மூடாது, விழித்திரைக்கு வலியும் தெரியாது.

எட்டிப் பார்க்கிற ஆசை எனக்கும் புரிகிறது. செருப்பு சோல் அச்சுக்கான ஸ்டீலில் பெயின்ட் ஒரு சொட்டு இல்லாமல், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த இடைவெளியில் வரிவரியாய்க் கோடு விழுந்து, சாய்த்தால் ஆரணிப் பட்டின் மயில்கழுத்து மாதிரி நிறம் மாறும். (லேசர் பட்ட குறைக்கடத்தியில் இப்படி வரிகள் விழுவதை 1965-லேயே பிர்ன்பாம் என்ற ஆய்வாளர் பார்த்துவிட்டார்.) வேலை முடிந்தபின் ட்யூப்லைட் அடியில் ஆசை தீரப் பாருங்கள்.

சிஓடூ லேசர் கண்ணாடி வேறு அலைநீளத்துக்கானது, இதற்கு உதவாது. ஃபிரேமில் 1030-க்கான எண்ணும், அதிகுறுந்துடிப்புக்கான ‘எம்’ எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். மோதிரம், காப்பு எல்லாம் கழற்றுங்கள், பீம் பட்டுத் தெறிக்கும். பீம் உயரத்துக்குக் குனியாதீர்கள். அலைன்மென்ட் குறைந்த பவரில், ஐஆர் கார்டு (கண்ணுக்குத் தெரியாத பீம் விழும் இடத்தைக் காட்டும் அட்டை) வைத்து. மூடி திறந்தால் லேசரை நிறுத்துகிற ஸ்விட்சில் காந்தத்தை டேப் போட்டு ஒட்டி ஏமாற்றுவதை இன்றோடு விடுங்கள். வேலூர் வெயிலில், லேசரைக் குளிர்விக்கிற சில்லர் ட்ரிப் ஆனால் அதன் ஃபில்டரைக் கழுவ வேண்டும், மூடியைத் திறந்தால் சில்லர் குளிராது. செல்போனில் வீடியோ எடுக்க மூடியில் ஓட்டை போட்டவரையும் பார்த்திருக்கிறேன். சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் கோடி வாட்டைத் தாண்டினால் உலோகத்திலிருந்து எக்ஸ்ரேயும் வரும், அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். அப்புறம் புகை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூசியில் குரோமியம் உண்டு. குரோமியம் என்ன செய்யும் என்று, குரோமியக் கழிவால் தண்ணீர் கெட்டுப்போன ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, புகை உறிஞ்சியை ஆன் பண்ணுங்கள்.

கண்ணில் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், தயவுசெய்து. ‘காலையில் சரியாகிவிடும்’ என்று இந்தத் தம்பி நான்கு நாள் காத்திருந்தார்.

அந்தப் பட்டறையில் மூன்று பேருக்கு ஒரே கண்ணாடிதான். இன்னும் இரண்டு வாங்குங்கள் என்றேன். அடுத்த ஆர்டர் வரட்டும் சார் என்றார் முதலாளி.