நாலாம் நாள் ஸ்கேனை வைத்துக்கொண்டு அழாதீர்கள்

"கர்ப்பப்பைக்கு வலுவில்லையாம் டாக்டர். பி.ஆர்.பி. ஊசி போட்டால் சரியாகிடுமாமே?" என்று கேட்டார் நேற்று வந்த பெண். (பி.ஆர்.பி. என்பது அவரவர் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டுகளைச் செறிவாகப் பிரித்தெடுத்துச் செலுத்துவது.) ரிப்போர்ட்டில் 'லைனிங் 4 மி.மீ.' என்றிருந்தது; லைனிங் என்பது கரு ஒட்டி வளரும் கர்ப்பப்பையின் உள்படலம். ஸ்கேன் எடுத்தது மாதவிலக்கின் நாலாம் நாள். இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது.

அம்மா, மாதவிலக்கில் உதிர்வதே அந்த லைனிங்தான். உதிர்ந்த கையோடு அளந்தால் மெல்லிசாகத்தான் இருக்கும்; அது நோயே இல்லை. முட்டை வெடிக்கும் சமயத்தில் அளக்க வேண்டும். சோதனைக்குழாய் சிகிச்சையில் உறையவைத்த கருவை உள்ளே வைப்பதாக இருந்தால், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்து தொடங்கும் முன் அளக்க வேண்டும். அப்போதும் 7 மி.மீ.க்குக் குறைந்தால்தான் மெல்லியது என்போம். 6 மி.மீ.யிலும் கரு தங்கிப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. லைனிங்குக்கும் கர்ப்பப்பையின் 'வலு'வுக்கும் சம்பந்தமே இல்லை. மாதுளை, பீட்ரூட் தாராளமாகச் சாப்பிடுங்கள்; அதனால் லைனிங் வளராது.

சரி, அந்தப் பெண்ணிடம் வேறு சில கேள்விகள் கேட்டேன். இரண்டு முறை கரு கலைந்து, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஐந்து நாள் உதிரப்போக்கு ஒன்றரை நாளாகச் சுருங்கிவிட்டது. இதை யாருமே கேட்கவில்லை! சுரண்டிய இடத்தில் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஹிஸ்டரோஸ்கோபியில், அதாவது கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமரா குழாயை விட்டு, உள்ளே பார்த்தால்தான் தெரியும். ஒட்டியிருந்தால் அப்போதே பிரித்துவிடலாம். நம் ஊரில் கர்ப்பப்பைக் காசநோயையும் மறக்கக் கூடாது. இருமலே இல்லாமலும் அது வரும். ஆனால் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை ஒன்றை மட்டும் நம்பிக் காசநோய் மாத்திரை தொடங்குவது சரியில்லை. முட்டை வளர்வதற்கான குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்ட மாதத்திலும் லைனிங் மெலியலாம்; அதே வேலைக்கான லெட்ரோசோலுக்கு மாற்றிப் பார்ப்போம்.

உள்ளே கோளாறு இல்லையென்றால் முதலில் லைனிங்கை வளர்க்கும் எஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான். கூடுதல் நாட்கள் கொடுப்போம், தேவைப்பட்டால் பிறப்புறுப்பு வழியாக வைப்போம். அந்த மாதம் வளராவிட்டால் கருவை உறையவைத்துக் காத்திருக்கலாம். பி.ஆர்.பி., ரத்த ஓட்டத்தைக் கூட்டும் சில்டனாஃபில் மருந்து எல்லாம் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியவை; உறுதியான ஆதாரம் இன்னும் போதாது.

பழைய சீட்டைப் பார்த்து எஸ்ட்ரோஜன் மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தம் உறையும் அபாயம் உண்டு. கரு கலைந்தால் 'கிளீன் பண்ணியே ஆகணுமா, மாத்திரையில் முடியாதா' என்று தயங்காமல் கேளுங்கள். முன்பு செய்த டி அண்ட் சி பற்றி எங்களிடம் மறைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பு நடந்ததாக இருந்தால் தனியாக வந்து சொல்லுங்கள், கணவர் காதுக்குப் போகாது.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதவிலக்கு நின்றதும் ஹிஸ்டரோஸ்கோபி செய்யப் போகிறோம். ஊசிக்கென்று நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணத்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன்.