பறவைக் காய்ச்சல் வந்தால் வானத்தை மட்டும் பார்க்காதீர்கள்

பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததுமே எல்லோரும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வலசைப் பறவைகள் கொண்டுவந்து போட்டுவிட்டன, நாம் என்ன செய்ய முடியும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் கால்நடை மருத்துவர். நோய் கிளம்பிய பண்ணைக்குப் போய் அது எந்த வழியாக உள்ளே வந்தது, இங்கிருந்து இன்னும் எங்கெங்கே போயிருக்கும் என்று தேடுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பறவை மேல் பழி போடுவதில் பாதிதான் உண்மை. மீதி, பண்ணையின் கேட் வழியாக லாரி டயரிலும் செருப்பிலும் முட்டை ட்ரேயிலும் வருகிறது. அதைப் பேசத்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.

முதலில் அந்த உண்மையான பாதியைச் சொல்லிவிடுகிறேன். இப்போது உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டாங் பகுதியில் பண்ணை வாத்துகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அங்கே இருந்த கோழிகளையெல்லாம், கிட்டத்தட்ட 15 லட்சம், அழித்துத்தான் அதை நிறுத்தினார்கள். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் உட்பட ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்து விழுந்தபோது, இது பண்ணைக்குள் மட்டும் இருக்கும் நோய் என்ற நினைப்பும் போனது. அப்புறம் இதே வைரஸில் 2.3.4.4பி என்று ஆய்வாளர்கள் பெயரிட்டிருக்கும் கிளை வந்தது. அது 2021 கடைசியில் அட்லாண்டிக்கைத் தாண்டி கனடாவில் தெரிந்தது, 2022-இல் தென் அமெரிக்காவுக்குள் இறங்கியது, 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலேயே உறுதியானது. நடுவில் 2023-இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானை சீல் குட்டிகள் செத்தன. அண்டார்டிகாவுக்கு எந்தக் கோழி லாரியும் போகவில்லை, ஆகவே கண்டம் விட்டுக் கண்டம் தாவுவதில் பறவைகளின் பங்கை மறுக்க முடியாது.

இதில் மோசமான சங்கதி, பல காட்டு வாத்துகளுக்கு இந்த வைரஸால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்பது. குடலில் வைத்திருந்து எச்சத்தில் கொட்டிக்கொண்டே பறக்கும். குளிர்ந்த குளத்து நீரில் வைரஸ் வாரக்கணக்கில்கூடத் தாங்கும். அதோடு, பறவைக் காய்ச்சல் வைரஸில் எச்5, எச்7 வகைகள் சில நேரம் சாதுவான வடிவத்தில் கோழிப்பண்ணைக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான கோழிகள் நெருக்கியடித்து நிற்கும் ஷெட்டுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்போது உருமாறிக் கொலைகார வடிவம் எடுக்கின்றன. வைரஸின் மேல்புரதத்தை ஒரு நொதி வெட்டிக் கொடுத்தால்தான் அது செல்லுக்குள் நுழைய முடியும். சாது வடிவத்தை வெட்டும் நொதி குடலிலும் மூச்சுக்குழாயிலும் மட்டும்தான் உண்டு. உருமாறியதை வெட்டும் நொதி உடம்பு முழுக்க இருக்கிறது, அதனால்தான் மூளை, இதயம், ஈரல் என்று ஒன்றையும் விடாமல் தாக்கி, முன்தினம் தீவனம் தின்ற கோழி மறுநாள் காலையில் செத்துக் கிடக்கிறது.

சரி, இப்போது கேட் பக்கம் வருவோம்.

நோய் உறுதியான பண்ணையில் நான் கேட்கும் முதல் கேள்வி, கடந்த இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே யாரெல்லாம் வந்தார்கள் என்பது. "யாருமே வரலை டாக்டர்" என்பதுதான் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் வரும் முதல் பதில். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தீவனம் எப்படி வந்தது, முட்டையை யார் ஏற்றினார்கள், முட்டை குறைந்த கழிவுக்கோழி பிடிக்க ஆள் வந்தார்களா, தடுப்பூசி போட்ட குழு அதற்கு முந்தைய நாள் எந்தப் பண்ணையில் இருந்தது, மோட்டார் ரிப்பேர் பார்த்தவர் வீட்டிலும் கோழி வளர்க்கிறாரா, செத்த கோழிகளை எடுத்துப்போக வந்த வண்டி எங்கெல்லாம் நின்றுவிட்டு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், அந்த 'யாருமே' ஒரு முழுப் பக்கத்துக்கு நீளும். கோழி எரு வாங்க வரும் வண்டியை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும். அதை யாரும் வருகையாகவே கணக்கில் வைப்பதில்லை, ஆனால் வைரஸ் அதிகமாக ஏறி இறங்குவது அதில்தான்.

இந்த விசாரணைக்கு இப்போது மரபணு வரிசையும் துணைக்கு வருகிறது. வைரஸ் பெருகப் பெருகச் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும், அதை வைத்து எந்தப் பண்ணையிலிருந்து எதற்குப் போயிருக்கும், அல்லது இரண்டுக்கும் தனித்தனியாகக் காட்டுப் பறவையிடமிருந்து வந்ததா என்று ஓரளவு பிரித்துவிடலாம். அமெரிக்காவில் 2015-இல் சுமார் 5 கோடி கோழிகளும் வான்கோழிகளும் நோயாலும் அழிப்பாலும் போனபோது, காட்டுப் பறவையிலிருந்து வந்தது கொஞ்சம்தான், பண்ணைக்குப் பண்ணை பரவியதுதான் அதிகம் என்று தெரிந்தது. அதே நாட்டில் 2022-இல் நிலைமை தலைகீழ், பெரும்பாலான பண்ணைகளுக்கு நோய் தனித்தனியாகக் காட்டுப் பறவையிடமிருந்து வந்திருந்தது. ஆக, பறவைதான் அல்லது மனிதன்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு போகக் கூடாது, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

2024 மார்ச்சில் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலக் கறவை மாடுகளில் எச்5என்1 உறுதியானபோது எங்கள் துறையில் பலர் முதலில் நம்பவே இல்லை. மாட்டின் மடியில் வைரஸ் பெருகி, பால் கெட்டியாகிச் சீம்பால் மாதிரி மஞ்சளாக இறங்கியது. அந்த முதல் அலை முழுவதும் ஒரே ஒரு முறை பறவையிலிருந்து மாட்டுக்குத் தாவியதில் தொடங்கியது என்று மரபணு ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு அதை மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனது லாரியில் ஏற்றிய மாடுகள், கொட்டகைக்குள் பரப்பியது மாட்டுக்கு மாடு மாற்றிப் போடும் பால் கறவை இயந்திரம். பறவை செய்தது ஒரு வேலை, மற்றதெல்லாம் நாம் செய்தது.

மற்ற கால்நடை நோய்களிலும் இதே கதைதான். 2001-இல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது, வேகவைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடம் தொடங்கி, அங்கிருந்து ஆடுகளுக்குப் போய், ஆட்டுச் சந்தைகள் வழியாக நாடு முழுக்கப் போய்விட்டது. ஆட்டுக்குக் கோமாரி வந்தால் வெளியே பெரிதாகத் தெரியாது, அதனால் முதல் பன்றியில் நோய் உறுதியாகி ஆடுமாடு நடமாட்டத்தைத் தடை செய்வதற்குள் அது ஏற்கெனவே பல மாவட்டங்களில் இருந்தது. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகள் வழியாக ஆண்டுக்குச் சில கிலோமீட்டர்தான் நகரும். திடீரென்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி முளைத்தால், யாரோ இறைச்சியையோ பன்றியையோ கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விதிவிலக்குகள் உண்டு. 1981-இல் கோமாரி பிரான்ஸின் பிரிட்டனி கரையிலிருந்து காற்றிலேயே கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போனது. நீலநாக்கு நோயைக் கடிக்கும் சிறு பூச்சிகளும், தோல் கழலை நோயைக் கொசுவும் ஈயும் உண்ணியும் பரப்புகின்றன, அங்கே கேட்டைப் பூட்டி மட்டும் ஒன்றும் ஆகாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது நோய் நுழைந்த நாளுக்கும் தகவல் வரும் நாளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. கோழி சாக ஆரம்பித்ததும், மிச்சத்தையாவது காசாக்கிவிடலாம் என்று அவசரமாக விற்கிறார்கள், அந்தக் கோழி உயிரோடு சந்தைக்குப் போய் நாலு ஊருக்குப் பிரிகிறது. இதை வெறும் பேராசை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மொத்தப் பண்ணையையும் அழிப்பார்கள், நஷ்ட ஈடு வந்தாலும் எப்போது வரும் என்று தெரியாது என்றால் யார்தான் போன் செய்வார்கள்? நஷ்ட ஈட்டைச் சீக்கிரம் கொடுப்பது கருணை இல்லை, அதுவும் நோய்த்தடுப்பு வேலைதான். பரவல் சங்கிலியில் உயிர்க்கோழிச் சந்தை எவ்வளவு பெரிய கண்ணி என்பதை 2013-இல் சீனாவில் வந்த எச்7என்9 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் காட்டியது. கோழிக்கு அறிகுறியே இல்லை, மனிதர்கள்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். பெருநகரங்களில் அந்தச் சந்தைகளை மூடியதும் அங்கே மனிதத் தொற்று சட்டென்று குறைந்தது.

பண்ணையாளர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன், அந்த வாசல் கிருமிநாசினித் தொட்டி. சேறும் எச்சமும் மிதக்கும் தொட்டியில் காலை முக்கி எடுப்பதால் ஒரு பயனும் இல்லை, அழுக்கே மருந்தைத் தின்றுவிடும், அதோடு ஒரு நொடியில் எந்த மருந்தும் வேலை செய்யாது. ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி பூட்ஸ் வைத்து, வாசலில் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு, இந்தப் பக்கம் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுங்கள். செலவு அதிகமில்லை, தொட்டியைவிட நிச்சயமானது. குளத்துத் தண்ணீரைக் குளோரின் கலக்காமல் கொடுக்காதீர்கள், சிந்திய தீவனத்தைக் காக்கைக்கு விட்டுவைக்காதீர்கள், அட்டை ட்ரேயைத் திரும்ப வாங்காதீர்கள். தினசரிப் பதிவேட்டை எழுதிவைத்தால் போதாது, பார்க்கவும் வேண்டும். கொண்டையும் தாடியும் நீலமாவதற்கு முன்பே தண்ணீரும் தீவனமும் குறையும், முட்டை சரியும். கூண்டு முறையில் முதல் ஓரிரு நாள் ஒரு மூலையில் மட்டும் சாவு இருக்கும், அதை வெயில் என்றோ வெள்ளைக்கழிச்சல் என்றோ நீங்களே தீர்மானித்துவிடாமல் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்கும் ஆர்வம் வேண்டவே வேண்டாம்.

முட்டை, கறி சாப்பிடலாமா என்பார்கள். உள்ளே முழுக்க வெந்தால் வைரஸ் செத்துவிடும், சாப்பிடலாம். ஆபத்து சமைப்பதற்கு முன்னால்தான், நோயுற்ற கோழியை அறுத்து இறகு பிடுங்கும்போது. 2003-க்குப் பிறகு உலகம் முழுக்க எச்5என்1 தொற்றியதாகப் பதிவானவர்கள் 900-க்கு மேல், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பறவையை நேரடியாகக் கையாண்டவர்கள். பாலைக் காய்ச்சிவிட்டால் பிரச்சினை இல்லை. பச்சைப் பால் குடிக்கிறவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், பூனைக்கும் ஊற்றாதீர்கள். டெக்சாஸில் ஒரு பண்ணையில் நோயுற்ற மாட்டின் பச்சைப் பாலைக் குடித்த பூனைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின, மாடுகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.