பண்பாடு என்ற சொல்லுக்குள் ஒரு வயல்

'கல்ச்சர்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால் பாதிப் பேர் கலாச்சாரம் என்பார்கள், மீதிப் பேர் பண்பாடு என்பார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று நாமும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். ஆனால் நம் காது அப்படி நினைப்பதில்லை. லஞ்சக் கலாச்சாரம், கட்அவுட் கலாச்சாரம், துப்பாக்கிக் கலாச்சாரம் என்று செய்தித்தாளில் வரும்போது தடையில்லாமல் படித்துக்கொண்டு போகிறோம். அதே இடத்தில் 'லஞ்சப் பண்பாடு' என்று போட்டுப் பாருங்கள். முள் குத்தியது போல் இருக்கும். ஏன் குத்துகிறது என்பதற்கான பதில் அந்தச் சொல் பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

பண்பாடு என்பதைப் பலர் 'பண் பாடு' என்று பிரித்து இசையோடு சேர்த்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் பொருத்தமான பிரிப்பு அதுவல்ல. சொல்லின் அடி 'பண்படு'. கெடு கேடு ஆனது போல, சுடு சூடு ஆனது போல, படு என்பது முதலெழுத்து நீண்டு பாடு ஆகிறது. ஏற்பாடு, வழிபாடு, கட்டுப்பாடு, குறைபாடு, மேம்பாடு என்று தினமும் நாம் வாயில் புழங்கும் சொற்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மேம்படுவது மேம்பாடு என்றால் பண்படுவது பண்பாடு.

எது பண்படும்? முதலில் நிலம். 'நிலத்தைப் பண்படுத்து' என்று இன்றும் சொல்கிறோம். கோடை மழையில் ஒரு புழுதி உழவு போட்டு, மண்ணைக் காயவிட்டு, அப்புறம் தண்ணீர் கட்டி, வரப்பு வெட்டி, தழை மிதித்து, சேறு கலக்கி, கடைசியாகப் பரம்படித்துச் சமன் செய்தால்தான் நாற்று நட முடியும். இதில் ஒன்றுகூட ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. அடுத்த போகத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. போன வருடம் பண்படுத்திய வயல்தானே என்று விட்டுவைத்தால் கோரை முளைத்துவிடும். 'ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம்' என்கிற குறள் (1037; பலம் என்பது பழைய எடை அளவு) 'சாலப் படும்' என்று முடிகிறது. நன்றாக விளையும் என்று பொருள். அங்கேயும் அதே 'படு'தான். பண்பாடு என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் காய்ந்த புழுதிதான் ஞாபகம் வருகிறது.

இவ்வளவு தமிழாக ஒலிக்கும் இந்தச் சொல் சங்க இலக்கியத்தில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. கல்ச்சர் என்பதற்கு நேராகப் பண்பாடு என்ற சொல்லை முதலில் வழங்கியவர் இலக்கியச் சுவைஞர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) என்றும், அது 1937-இல் என்றும் எழுதியவர் எஸ். வையாபுரிப்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து சொற்களோடு வாழ்ந்தவர் என்பதால் அவர் சொன்னதற்கு எடை அதிகம். நூறு வயதுகூட ஆகாத சொல். சொல் புதிது, அதன் அடி மட்டும் பழையது. பண்பு, ஒழுக்கம், சால்பு, மரபு, நாகரிகம் என்று பல சொற்கள் அதுவரை ஆளுக்கொரு பங்காக இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன.

லத்தீனிலும் கதை வயலில்தான் தொடங்குகிறது. 'கொலெரே' என்றால் உழுதல், பேணுதல். அதிலிருந்து வந்தது 'குல்த்தூரா'. உழாத வயல் எவ்வளவு வளமாக இருந்தாலும் விளையாது, கல்வியில்லாத மனமும் அப்படித்தான் என்று எழுதிய ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, மனத்தை உழுவதற்கு 'குல்த்தூரா அனிமி' என்று பெயர் கொடுத்தார். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் நடந்த இந்த நகர்வும் தமிழில் பண்படு பண்பாடு ஆனதும் ஒரே சால் பிடித்துப் போகின்றன.

எல்லா மொழியிலும் இப்படி அமையவில்லை. வங்காளத்தில் உழுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து 'கிருஷ்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். தாகூருக்கு அது பிடிக்கவில்லை. அவர் 'சம்ஸ்கிருதி' என்பதை ஆதரித்தார், அதுவே நிலைத்தது. செம்மை செய்யப்பட்டது என்பது அதன் பொருள். இந்தி, மராத்தி, கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் இன்று அந்தச் சொல்தான், மலையாளத்தில் சம்ஸ்காரம். அங்கெல்லாம் ஏர் வெளியே போய்விட்டது, தமிழில் உள்ளேயே நிற்கிறது. எனக்கு இதில் நிறையப் பெருமை உண்டு.

வேளாண்மை என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிட வேண்டும். இன்று அதற்கு விவசாயம் என்று பொருள். ஆனால் 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்று வள்ளுவர் சொல்லும்போது அது பிறருக்கு உதவுதல். லத்தீன் சொல் வயலிலிருந்து மனத்துக்குப் போனது. நம் வேளாண்மையோ குறளில் ஈகையாக இருந்து இன்று வயலில் நிற்கிறது.

சரி, கலாச்சாரம்? கலா, ஆசாரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. சேர்க்கையின்படி கலாசாரம் என்றுதான் வர வேண்டும், நடுவில் 'ச்' வர இலக்கணத்தில் இடமில்லை. இலங்கைத் தமிழர் 'கலாசார அலுவல்கள்' என்று சரியாகவே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில்தான் பேச்சில் அழுத்தம் ஏறி எழுத்திலும் புகுந்துவிட்டது. ஆசாரம் தமிழுக்கு நேற்று வந்த சொல் அல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவை என்று ஒரு நூலே உண்டு. எந்தத் திசை பார்த்து உண்பது, எப்போது நீராடுவது என்று நடைமுறை விதிகளை அடுக்கும் நூல். அந்தச் சொல்லின் கனம் வெளிப்பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் லஞ்சத்தோடு கலாச்சாரம் ஒட்டிக்கொள்கிறது. பண்பாட்டுக்குள்ளோ பண்பு உட்கார்ந்திருக்கிறது, அது ஒட்ட விடாது.

இந்த இழுபறி தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1869-இல் மேத்யூ ஆர்னால்டு என்ற ஆங்கிலேயர், உலகில் எண்ணியவற்றிலும் சொன்னவற்றிலும் ஆகச் சிறந்ததைத் தேடி அறிவதே கல்ச்சர் என்றார். இரண்டே ஆண்டில், 1871-இல், மானிடவியலாளர் எட்வர்டு டைலர் வேறு விதமாக வரையறுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, அறநெறி, சட்டம், வழக்கம் என்று சமுதாயத்தில் ஓர் ஆளாக இருந்து மனிதன் கற்றுக்கொள்ளும் எல்லாம் சேர்ந்த முழுமை என்றார். ஆர்னால்டின் கணக்கில் அது சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது. டைலரின் கணக்கில் அது இல்லாத மனிதக் கூட்டமே கிடையாது. மானிடவியல் டைலரின் வழியில்தான் வளர்ந்தது. 1952-இல் குரோபர், குளுக்கான் என்ற அமெரிக்க மானிடவியலாளர்கள் கல்ச்சருக்கான வரையறைகளைத் தேடித் தொகுத்தபோது 160-க்கும் மேல் சேர்ந்துவிட்டன.

டைலர் வரையறையில் உயிரான சொல் 'கற்றுக்கொள்ளும்' என்பதுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் 'போறேன்' என்று சொல்வதில்லை. குழந்தை வாய் தவறிச் சொல்லிவிட்டால் பாட்டி உடனே, "போறேன்னு சொல்லக் கூடாது சாமி, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்துவார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை, எந்தக் குழந்தையும் இதைத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. நாலைந்து முறை திருத்தப்பட்ட பிறகு ஆயுளுக்கும் அப்படித்தான் வரும். வெளிநாட்டில் வேலைக்குப் போன பிறகும் போனை வைக்கும்போது 'வச்சுடறேன்' என்று சொல்ல நாக்கு தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாகரிகத்தையும் பண்பாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேவநேயப் பாவாணர் திருந்திய வாழ்க்கை நாகரிகம், திருந்திய ஒழுக்கம் பண்பாடு என்று பிரித்தார். பாதாளச் சாக்கடையும் செங்கல் வீடும் நாகரிகத்தின் பக்கம், வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது பண்பாட்டின் பக்கம். ஆனால் 'நயத்தக்க நாகரிகம்' என்று வள்ளுவர் சொன்னது கண்ணோட்டத்தை, தெரிந்தவர் நஞ்சைக் கொடுத்தாலும் முகம் கோணாமல் உண்ணும் இரக்கத்தை. பழைய நூலில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் நகரத்தை நினைத்துவிடக் கூடாது.

கல்ச்சர் என்று வரும் எல்லா இடத்திலும் பண்பாட்டைத் திணிக்கவும் முடியாது. ஆய்வுக்கூடத்தில் 'யூரின் கல்ச்சர்' எடுக்கச் சொன்னால் அது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. 'டிஷ்யூ கல்ச்சர்' வாழை திசு வளர்ப்பு வாழை. அங்கே வளர்ப்புதான் சரி. கட்அவுட் கலாச்சாரம் என்பதைக் கட்அவுட் மோகம் என்றும், லஞ்சக் கலாச்சாரம் என்பதை லஞ்சப் பழக்கம் என்றும் எழுதினால் இன்னும் நேராக இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு சமூகத்தின் வாழ்முறை முழுவதையும் குறிக்க வேண்டும் என்றால் பண்பாடு. ஒரே ஒரு கவனம் வேண்டும். உள்ளே பண்பு இருக்கிறது என்பதற்காக, நம் வழக்கத்துக்கு மாறாக வாழ்கிறவர்களைப் 'பண்பாடு இல்லாதவர்கள்' என்று சொல்லக் கூடாது. அவர்கள் வயலில் வேறு பயிர், அவ்வளவுதான். பண்பு இல்லாத ஆள் உண்டு, பண்பாடு இல்லாத மக்கள் இல்லை.

பண்புக்குத் தமிழில் கிடைக்கும் வரையறைகளில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கலித்தொகையில். நல்லந்துவனார் பாடிய நெய்தற்கலியில், தலைவனிடம் பேசும் தோழி சொல்கிறாள்: 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்'. திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்துக்கு விளக்கம் எழுத வந்த பரிமேலழகர், எல்லோருடைய இயல்பும் அறிந்து ஒத்து நடப்பது என்று சொல்லிவிட்டு இந்த வரியையே சான்றாக எடுத்து வைக்கிறார். வழக்கத்தைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு படி. இடமறிந்து அதை நிறுத்தத் தெரிவது அடுத்த படி. 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எந்த வீட்டையும் விட்டு இறங்காத அதே பாட்டி, துக்க வீட்டில் மட்டும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவார்.